ஹனோயில் சுவரோவியம் பார்க்கப் போகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை மாலை வியட்நாம் தலைநகர் ஹனோயில் இருக்கிற மாதிரி பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அப்புறம். அன்று இரவு ஹோவான் கியெம் ஏரியைச் சுற்றியுள்ள சாலைகளில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஞாயிறு நள்ளிரவு வரை அந்தச் சாலைகள் நடப்பவர்களுக்கு மட்டும்தான். 2016 செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாடு இது. ஏரிக்கு வடக்கே பழைய கடைவீதிகளில் இன்னும் முன்னதாகவே, 2004 முதல், வார இறுதி இரவுகளில் ஹாங் தாவோ தெருவிலிருந்து தோங் சுவான் சந்தை வரை வண்டி கிடையாது. மற்ற நாட்களில் இந்த ஊரில் நடைபாதை முழுக்க பைக்குகள் நிற்கும். நாம் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கும். சுவரை நிமிர்ந்து பார்க்க நேரமே இருக்காது. அதனால்தான் கிழமையைச் சொல்லித் தொடங்குகிறேன்.

நான் முதல்முறை போனபோது இது தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி வெயிலில், சுவரோவியங்கள் இருக்கும் ஃபுங் ஹுங் தெருவுக்குப் போய் நின்றேன். ஓவியங்களின் கீழ்ப்பாதி முழுவதும் நிறுத்தி வைத்த வண்டிகளுக்குப் பின்னால் இருந்தது. நாலு படம் எடுத்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாவது முறை நிதானமாகப் போனபோதுதான், முதல்முறை எதையுமே பார்க்கவில்லை என்று புரிந்தது. இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது நடையை வைத்து எழுதியது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹனோயின் இந்தப் பகுதியில் வரைந்திருக்கும் ஓவியங்கள் பெரும்பாலும் பக்கத்துத் தெருவைப் பற்றியவை. அந்த ஊரில் முன்பு இருந்து இப்போது இல்லாமல் போனவை, அல்லது போய்க்கொண்டிருப்பவை. ஆகவே படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் பார்த்ததாகும். படத்தில் இருக்கிற இடத்தையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நல்லவேளையாக எல்லாம் நடக்கிற தூரம். மொத்தமாகக் கூட்டினால் நாலைந்து கிலோமீட்டர்தான்.

எந்த மாதம்

அக்டோபர், நவம்பர், டிசம்பர் நல்ல மாதங்கள். வெயில் இதமாக இருக்கும், சுவர் காய்ந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் நாள் முழுக்கப் பொடித் தூறல் விழும். காற்றில் ஈரம் ஏறி வீட்டுத் தரையே வியர்க்கும். ஓவியங்கள் மங்கலாகத் தெரிந்தாலும் ஈரச் சுவரில் நிறங்கள் அடர்ந்து காட்டும் அழகு ஒன்று உண்டு. குடை பிடித்து நடக்கத் தயாராக இருப்பவர்கள் அப்போதும் போகலாம். மே முதல் ஆகஸ்ட் வரை சென்னை வெயிலுக்குச் சளைக்காத புழுக்கம். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் நடையை முடித்துவிடுவது நல்லது.

வியட்நாம் புத்தாண்டான தேத் நாட்களை நேராகக் குறிவைக்காதீர்கள், பாதி ஊர் மூடியிருக்கும். அதற்கு முந்தின இரண்டு வாரம் வேறு கதை. ஹாங் லுவக் தெருவில் பூச்சந்தை போடுவார்கள்; பீச் மரக் கிளைகளை பைக்கில் கட்டிக்கொண்டு போகும் கூட்டமே ஒரு ஓவியம் போலிருக்கும்.

முதல் மாலை: ஏரிக்கரை

ஏரியின் தென்கிழக்கு மூலையில் சாங் தியென் பிளாசா என்ற பெரிய அங்காடி இருக்கிறது. விலை உயர்ந்த வெளிநாட்டுக் கடைகள். உள்ளே போக வேண்டாம், வெளியே நின்று கட்டடத்தை நன்றாக மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் காலத்தில் அந்த இடத்தில்தான் அரசின் பொதுப் பல்பொருள் அங்காடி இருந்தது. போர் முடிந்த பிறகும், 1980களின் பிற்பகுதி வரை அரிசி, துணி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் கூப்பன் இருந்தது. வியட்நாமியர் அந்தக் காலத்தை 'பாவ் காப்' என்பார்கள். வயதானவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னாலே போதும், வரிசையில் தங்கள் இடத்துக்கு அடையாளமாகச் செங்கல்லை வைத்துவிட்டுப் போன கதை வரும். நாளைக் காலை இந்த அங்காடியை ஒரு சுவரில் மறுபடியும் பார்க்கப்போகிறீர்கள்.

அங்கிருந்து ஏரியின் கிழக்குக் கரையோடு வடக்கே நடந்து வாருங்கள். குழந்தைகள் நடுச்சாலையில் கயிறு இழுத்து விளையாடுவார்கள். உட்கார வைத்து முகத்தை வரைந்து தரும் ஓவியர்கள் வரிசையாக இருப்பார்கள். சும்மா நின்று பார்த்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் வரைந்துகொள்ளுங்கள் என்பேன். தெருக்கலை என்பது சுவரில் மட்டும் இருப்பதல்ல. ஏரியின் வடமுனையில் ஒரு சதுக்கம் வரும். பழைய டிராம் வண்டிகள் வந்து திரும்பிய இடம் அது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் ஓடத் தொடங்கி, 1990 வாக்கில் தண்டவாளத்தோடு மறைந்துபோன டிராம். இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதுக்கத்திலிருந்து வடக்கே போகும் தெருதான் ஹாங் தாவோ. 'ஹாங்' என்றால் சரக்கு. பழைய நகரத்தின் தெருப்பெயர்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: ஹாங் மா காகிதப் படையல் பொருள், ஹாங் லுவக் சீப்பு, ஹாங் கொத் மூங்கில் பாய், ஹாங் குவாய் கிழங்கு. ஹாங் தாவோவில் பட்டு விற்றார்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இந்தியத் துணி வணிகர்களும் இங்கே கடை வைத்திருந்தார்கள். இன்று இரவுச் சந்தை. கூட்டம் நெரியும். கைப்பையை முன்னால் போட்டுக்கொண்டு மெதுவாக நடங்கள். மா மாய், லுவங் நொக் குவியென், தா ஹியென் பக்கமெல்லாம் அந்த இரவுகளில் நடைதெருக்கள்தான். இவற்றில் பெரிய சுவரோவியங்களைத் தேட வேண்டாம். கடைகளின் இறக்கிய ஷட்டர், சந்துகளின் வாய், மாடிப்படி ஓரம், இப்படித்தான் சிறியவை கண்ணில் படும்.

இங்கே ஒன்றை நீங்களே கண்டுபிடிப்பீர்கள். ஏறக்குறைய எல்லாச் சுவரிலும், மின்கம்பத்திலும், கதவிலும் அச்சுத் தகட்டால் அடித்த தொலைபேசி எண்களும் சில எழுத்துகளும் இருக்கும். 'கொவான் காத் பே தோங்' என்று படிக்க வேண்டும், கான்கிரீட் துளைத்தல், அறுத்தல் என்று பொருள். வீடு இடிப்பவர்களின் விளம்பரம். நகராட்சி வெள்ளை அடித்து மறைக்கும், மறுவாரம் மேலே புதிய எண் வரும், மறுபடி வெள்ளை. கடைசியில் சுவர் முழுக்க வேறுவேறு வெளிர் நிறக் கட்டங்களாக ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிவிடும். யாரும் கலை என்று நினைத்துச் செய்யாதது. இருந்தாலும் ஹனோயின் சுவர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். ஊர் இடித்துக் கட்டப்படுகிற வேகத்தை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன. இதைப் பார்த்துவிட்டுப் போனால்தான், மறுநாள் பார்க்கப்போகும் ஓவியங்களை எதற்காக வரைந்தார்கள் என்பது உறைக்கும்.

தெருமுனைகளில் அரசின் பிரசாரப் படங்களும் இருக்கும். தட்டையான சிவப்பு, மஞ்சள், நிமிர்ந்த முகங்கள். தெருவில் படம் வைக்கும் மிகப் பழைய வழக்கம் இங்கே அதுதான். நின்று பாருங்கள்.

மறுநாள் காலை: ஃபுங் ஹுங் தெரு

ஆறரை மணிக்கு அங்கே இருங்கள். ஏரியின் வடமுனையிலிருந்து வடமேற்காக ஒரு கிலோமீட்டர்போல. வரைபடச் செயலியில் தெருப்பெயரை வியட்நாமிய எழுத்தில், குறிகளோடு சேமித்து வையுங்கள். நம் உச்சரிப்பில் கேட்டால் யாருக்கும் புரியாது. ஃபுங் ஹுங் நீளமான தெரு. ஓவியங்கள் இருப்பது அதன் வடபகுதியில், லே வான் லிங் தெரு சந்திக்கும் இடத்திலிருந்து ஹாங் கொத் பக்கம் வரை மட்டும். தெருவுக்குப் பெயர் கொடுத்தவர் 8ஆம் நூற்றாண்டில் சீனத் தாங் ஆட்சியை எதிர்த்து எழுந்த தலைவர்.

முதலில் படங்களைப் பார்க்காதீர்கள். எதிர்ப்பக்கம் நின்று சுவரைப் பாருங்கள். அது வெறும் மதில் அல்ல, ரயில் போகும் மேம்பாலம். 1902இல் கட்டி முடித்த லோங் பியென் பாலத்தையும் ஹனோய் ரயில் நிலையத்தையும் இணைக்க பிரெஞ்சுக்காரர் கல்லால் எழுப்பியது. அடியில் 131 வளைவுகள். ஒருகாலத்தில் அவற்றின் வழியே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகலாம். பின்னாளில் பெரும்பாலானவற்றைக் கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அப்படி அடைபட்ட வளைவுகள்தான் இன்றைய ஓவியங்களின் சட்டகம். அதனால்தான் ஒவ்வொரு படமும் மேலே வளைந்து, ஒரு வாசல் போல இருக்கிறது. மூடிய வாசலுக்குள் பழைய தெரு தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். இதைக் கவனித்துவிட்டால் ஓவியர்கள் செய்த வேலையில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

2018 பிப்ரவரியில், தேத் பண்டிகைக்குச் சற்று முன் இது திறக்கப்பட்டது. ஹோவான் கியெம் மாவட்ட நிர்வாகம், ஐ.நா. வாழ்விட அமைப்பு, கொரியா அறக்கட்டளை மூன்றும் சேர்ந்து செய்த பணி. வியட்நாமிய, கொரிய ஓவியர்கள் கலந்து வரைந்தார்கள். வியட்நாம் தரப்பில் முன்னின்றவர் நுயென் தே சோன். மொத்தம் இருபதுக்குச் சற்றுக் குறைவான படைப்புகள்தான். வேகமாக நடந்தால் பத்து நிமிடம். நீங்கள் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு படத்துக்கும் மூன்று தூரம் வைத்துக்கொள்வது என் வழக்கம். தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து ஒருமுறை. அப்போதுதான் வாசல் மாயம் வேலை செய்யும். பத்தடி தூரத்தில் ஒருமுறை, ஆட்களைப் பார்க்க. கடைசியாகக் கை எட்டும் தூரத்தில். அங்கேதான் சில படங்களில் வண்ணம் மட்டுமில்லை, உண்மையான பொருட்களும் சுவரிலிருந்து புடைத்துக்கொண்டு நிற்பது தெரியும். எங்கே பொருள் முடிந்து வண்ணம் தொடங்குகிறது என்று தேடிப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. தொட வேண்டாம்.

நேற்று பார்த்த பல்பொருள் அங்காடி இதோ இருக்கும், ரேஷன் கால முகத்தோடு. டிராம் இருக்கும். தோளில் காவடிபோலக் கூடை தூக்கிய தெரு வியாபாரிகள், காகிதத்தில் தூரிகையால் எழுத்து எழுதித் தரும் பெரியவர், ஹாங் மா தெருவின் விளக்குகள். இவற்றில் நான் அதிக நேரம் நின்றது தெருக்குழாய் படத்தின் முன்னால்தான். ஒரு குழாய், தண்ணீர் பிடிக்கும் ஆட்கள், பாத்திரங்கள். அவ்வளவுதான். குழாயடி வரிசையில் குடம் வைத்து நின்ற யாருக்கும் அந்தப் படத்தை மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த கையோடு ஹாங் கொத் தெருவின் வடமுனைக்கு நடங்கள். ஆறு தெரு கூடும் இடத்தில் வட்டமான கல் கோபுரம் ஒன்று நிற்கும். 1894இல் கட்டிய தண்ணீர்த் தொட்டி, ஹாங் தௌ கோபுரம் என்பார்கள். பழைய நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது இங்கிருந்துதான். பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்ததை 2023 நவம்பரில் திறந்து, உள்ளே தண்ணீர் சொட்டும் ஓசையும் வெளிச்சமுமாக ஒரு கலைப்படைப்பு வைத்தார்கள். அன்று மூடியிருந்தாலும் வெளியே ஒரு சுற்று வாருங்கள். சுவரில் குழாய், ஐந்து நிமிட நடையில் தொட்டி. படத்தையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது இதைத்தான்.

திரும்பும்போது ஹாங் லுவக் 12ஆம் எண்ணில் ஒரு மசூதி இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்திய வணிகர்கள் கட்டியது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் ஹனோயும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலம் அது. வெள்ளைச் சுவர், பச்சை விளிம்பு, மேலே கோபுரம். ஓவியம் எதுவும் இல்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் போக எனக்கு மனம் வரவில்லை.

சில படங்கள் உரிந்திருக்கும், சிலவற்றின் மேல் யாரோ பெயர் கிறுக்கியிருப்பார்கள். ஈரக்காற்று, வண்டிப் புகை, சாய்த்து வைக்கும் பைக்குகளின் கைப்பிடிகள், எல்லாம் சேர்ந்து செய்த வேலை. மனம் சங்கடப்படும். அடைத்த வளைவுகளையே மறுபடி திறந்துவிட வேண்டும் என்ற யோசனையும் அந்த ஊரில் பல ஆண்டுகளாக உண்டு. அது நடந்தால் படங்கள் போய்விடும், பழைய வழி திரும்பி வரும். எது வேண்டும் என்று என்னைக் கேட்டால் பதில் சொல்லத் திணறுவேன். அதனால் போக நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

தலைக்கு மேலே ரயில் வரும். அதிரும், பயப்பட வேண்டாம். இதே பாதை தெற்கே தரைக்கு இறங்கி வீடுகளுக்கு நடுவே போகும் இடம்தான் படங்களில் புகழ்பெற்ற ரயில் தெரு. அங்கே தண்டவாளத்தில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். நீங்கள் செய்யாதீர்கள். விபத்துக்குப் பயந்துதான் அதிகாரிகள் அங்கே திரும்பத் திரும்பத் தடை போடுகிறார்கள்.

மாலை: ஆற்றை நோக்கி

மதியம் தூங்குங்கள். நான்கு மணிக்கு மேல் கிழக்கே, செவ்வாற்றுப் பக்கம் நடக்கலாம். வழியில் ஊரைக் காக்கும் கரையின் சுவர் வரும். அதில் கிலோமீட்டர் கணக்கில் பீங்கான் சில்லுகளால் பதித்த ஓவியம் ஓடுகிறது. சுமார் 4 கி.மீ. நீளம். ஹனோய், தாங் லோங் என்ற பெயரில் தலைநகராகி ஆயிரம் ஆண்டு நிறைந்த 2010இல் முடித்தது. பத்திரிகையாளரும் ஓவியருமான நுயென் து துய் எடுத்த முயற்சி. கின்னஸ் சான்றிதழும் அதே ஆண்டு கிடைத்தது. பக்கத்தில் வண்டிகள் பறக்கும் சாலை என்பதால் முழுவதும் நடக்காதீர்கள். பழங்கால தோங் சன் வெண்கல முரசின் கோலங்கள், அரச வம்சங்களின் அலங்காரங்கள், குழந்தைகளின் வரைபடங்கள் என்று மாறி மாறி வரும். ஒரு துண்டு பார்த்தால் போதும். இந்தச் சுவரில் தாராளமாகக் கை வைக்கலாம். சுட்ட மண்ணின் வழவழப்பு விரலில் தெரியும்.

சாலையை நடைமேம்பாலத்தில் ஏறிக் கடந்து, கரைக்கு வெளியே இறங்கினால் ஃபுக் தான். வெள்ளம் வந்தால் முதலில் முழுகும் பகுதி. லோங் பியென் மொத்தச் சந்தையில் சுமை தூக்குபவர்களும் கூலி வேலைக்கு வந்தவர்களும் நெருக்கமாக வாழும் சந்துகள். ஆற்றோரம் குப்பை கொட்டும் இடமாக இருந்ததைச் சுத்தம் செய்து, 2020 பிப்ரவரியில் பதினாறு கலைஞர்கள் சேர்ந்து ஒரு கலைவெளியாக மாற்றினார்கள். இங்கேயும் நுயென் தே சோன்தான் ஒருங்கிணைத்தார். பொருட்கள் எல்லாம் கழிவிலிருந்து எடுத்தவை: தகரப் பீப்பாய், பழைய இரும்பு, ஆயிரக்கணக்கான பிளாஸ்டிக் பாட்டில்களால் ஆன படகுகள். ஃபுங் ஹுங் அழகாக இருக்கிறது என்றால் ஃபுக் தான் நெஞ்சைத் தொடுகிறது. குப்பை கிடந்த இடத்தில் அதே வகைக் குப்பையால் செய்த படகு, எதிரே ஆறு. 2024 செப்டம்பரில் யாகி புயலுக்குப் பின் ஆறு இந்தச் சந்துகளுக்குள் ஏறியது. ஆகவே எல்லாம் பளபளப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வெயிலும் வெள்ளமும் பார்த்த பொருட்கள்.

இங்கே நடந்துகொள்வதில் கவனம் வேண்டும். ஓவியத்துக்கு எதிரே துணி காயும், சமையல் நடக்கும், பெரியவர் சாய்வு நாற்காலியில் தூங்குவார். அது அவர்கள் வாசல். கேமராவை உயர்த்தும் முன் வணக்கம் சொல்லுங்கள். வியட்நாமியரும் நம்மைப் போலவே முன்பின் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் மூத்த பெண்ணுக்கு 'சாவ் சி', அதாவது அக்கா வணக்கம். வயதில் பெரியவருக்கு 'சாவ் பாக்'. படத்தைக் காட்டி 'தெப் குவா' என்றால் 'எவ்வளவு அழகு' என்று பொருள். இந்த மூன்றும் போதும். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்த ஒரு அம்மா, ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொல்லி ஐஸ் டீ ஊற்றிக் கொடுத்தார்.

சில்லறை விஷயங்கள்

சாப்பாடு: அசைவம் சாப்பிடாதவர்கள் 'ஆன் சாய்' என்று சொல்லுங்கள். சைவம் என்பதை அவர்கள் பௌத்த வழக்கில் அப்படிச் சொல்வார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம்தான் சாப்பிடுவார்கள், அன்று தேடாமலே கிடைக்கும்.

சாலை கடக்க: நடைதெருவுக்கு வெளியே வண்டிகள் நிற்காது. ஒரே சீராக, மெதுவாக நடங்கள், அவர்கள் விலகிப் போவார்கள். நடுவில் ஓடவோ பின்வாங்கவோ கூடாது.

செருப்பு: பிடிப்பானது. ஈர நடைபாதைக் கல் வழுக்கும்.

சுண்ணக்கட்டி, மார்க்கர் எதையும் சுவரில் வைக்காதீர்கள். உங்கள் பெயருக்கு அங்கே வேலை இல்லை.

இருட்டுவதற்கு முன்

ஃபுக் தானிலிருந்து திரும்பி வந்து, லோங் பியென் நிலையத்தின் படிகளில் ஏறினால் பாலத்தின் ஓரமாக நடக்கும் பாதை தொடங்கும். கான்கிரீட் பலகைகள் சில இடத்தில் ஆடும், காலைப் பார்த்து வையுங்கள். கொஞ்ச தூரம் போய்க் கைப்பிடியருகே நில்லுங்கள். கீழே இப்போது நடந்து வந்த சந்துகளின் தகரக் கூரைகள், மறுபக்கம் ஆறு. நேரம் ஒத்துவந்தால் நடுவே இருக்கும் தண்டவாளத்தில் ரயில் ஒன்று மெதுவாக நகரை நோக்கிப் போகும். இன்னும் சில நிமிடத்தில் அது காலையில் நீங்கள் பார்த்த குழாயடிப் பெண்களின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்.